கம்பெனி வீடும் கூத்துப்பட்டறையும்: நடிப்பைப் பாடமாகப் படித்த கதை

நாடகக் கம்பெனிகளில் 'வாத்தியார்' என்ற சொல்லுக்குத் தனி மரியாதை இருந்தது. நாடகத்தை எழுதுகிறவர், பாட்டுக் கட்டுகிறவர், பையன்களை வரிசையாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறவர், ஒத்திகையில் கண்டிக்கிறவர் எல்லாம் அவர்தான். கம்பெனிக்கு வந்து சேர்கிற பையனுக்கு அவர் 'பாடம்' கொடுப்பார். பாடம் மனத்தில் ஏறிய பிறகுதான் வேஷம். நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் நடிப்பைப் பற்றிப் பேசிய சொற்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துச் சொற்களாகவே இருந்தன.

இன்று நல்ல நடிகர் ஒருவரைப் பாராட்ட வேண்டுமென்றால் 'பிறவி நடிகர்' என்கிறோம். 'நடிப்பு ரத்தத்திலேயே ஊறியது' என்கிறோம். பாராட்டுகிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்தச் சொல் ஒரு பெரிய உழைப்பை அழித்துவிடுகிறது. எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் அரும்பு மீசை முளைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே உண்டு உறங்கிப் பாடம் கேட்டவர்கள். எம்.ஜி.ஆர். படித்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில். அவருக்குப் பாடம் சொன்னவர்களில் ஒருவர் காளி என்.ரத்தினம். சிவாஜி படித்தது யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில். பராசக்தி 1952-இல் வெளிவந்தபோது திரையில் தோன்றிய அந்த இளைஞனுக்கு 24 வயது. அதற்குள் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டு மேடைப் படிப்பு முடிந்திருந்தது. அவருடைய நீளமான வசனங்களில் மூச்சு எங்கே நிற்கிறது, எங்கே தொடங்குகிறது என்று கவனித்துப் பார்த்தால் அந்தப் பதினைந்து ஆண்டுகள் காதில் விழும்.

அந்தப் படிப்புக்கு வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். முதலில் நடிகராகத்தான் இருந்தார். எமன், சனீசுவரன் போன்ற வேடங்களில் அவரைப் பார்த்தவர்கள் மிரண்டுபோவார்களாம். அந்தப் பயத்தால் விபரீதங்கள் நேர்ந்ததாகவும், அதனால் மனம் நொந்து அவர் வேஷம் கட்டுவதை விட்டதாகவும் நாடக உலகில் இன்றும் சொல்வார்கள். நடிப்பை விட்டவர் எழுத்தையும் கற்பித்தலையும் எடுத்துக்கொண்டார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று ஏறத்தாழ 40 நாடகங்கள் அவர் பெயரில் இருக்கின்றன.

வயது வந்த நடிகர்களை நம்பி நாடகம் நடத்துவது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. எழுதிக் கொடுத்த வசனத்தை விட்டுவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். கட்டுக்கு அடங்க மாட்டார்கள். சிறுவர்களைக் கொண்டு குழு அமைத்தால் பாடத்தைப் பாடமாகவே வாங்கிக்கொள்வார்கள் என்று அவர் எண்ணினார். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா உருவானது. அதே ஆண்டு அங்கே வந்து சேர்ந்த பையன்களில் ஒருவருக்கு 6 வயது. பின்னாளில் அவ்வை தி.க.சண்முகம் என்று நாடறிந்தவர் அவர்தான். சுவாமிகளைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி, சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை' என்ற நூலில் எழுதிவைத்தது. சிறுவனான தன் மாணவனுக்காக ஒரே இரவில், நான்கு மணி நேரம் நடக்கக்கூடிய அபிமன்யு நாடகத்தைப் பாட்டும் வசனமுமாகச் சுவாமிகள் எழுதி முடித்தார் என்பது அந்த நினைவுகளில் ஒன்று. ஒரு வாத்தியார் ஒரு மாணவனின் குரலையும் உயரத்தையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு பாத்திரம் எழுதியிருக்கிறார். இப்படி ஒரு பாடத்திட்டத்தை எந்தக் கல்லூரியும் தர முடியாது.

கம்பெனி வீடு என்பது தங்குமிடமும் பள்ளியும் சேர்ந்தது. கம்பெனி எந்த ஊரில் முகாம் போடுகிறதோ அங்கே ஒரு வீடு. அதில் பாட்டுப் பயிற்சி, வசனப் பாடம், ஒத்திகை, இரவில் நாடகம். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. ஆயிரம் பேர் உட்கார்ந்த கொட்டகையின் கடைசி வரிசைக்கு எழுத்து எழுத்தாக வசனம் போய்ச் சேர வேண்டும். நாலரைக் கட்டை, ஐந்து கட்டை என்று உயர்ந்த சுருதியில் பாடியதற்கு அந்தத் தேவையும் ஒரு காரணம். வாயைத் திறந்து, அடிவயிற்றிலிருந்து மூச்செடுத்து, சொல்லின் கடைசி எழுத்து விழுங்கப்படாமல் பேசும் பழக்கம் அப்படித்தான் வந்தது. பழைய நடிகர்களிடம் ழகரமும் ளகரமும் துல்லியமாக விழுந்ததை இன்று வியக்கிறோம். அது வாத்தியார் வாங்கிய வேலை.

இன்னொரு பாடம் யாரும் தனியாக நடத்தாமலே நடந்தது. பையன்கள் தினமும் எல்லா வேஷத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இன்று ஸ்திரீபார்ட் என்னும் பெண் வேஷம் போடுகிறவன் நாளை ராஜபார்ட் என்னும் நாயகன் வேஷம் போட வேண்டிவரும். பபூனுக்குக் காய்ச்சல் வந்தால் வேறொருவன் அந்த இடத்தில் நிற்க வேண்டும். சிவாஜியே சீதையாகத்தான் தொடங்கினார். பரதனும் சூர்ப்பனகையும் பிறகு வந்த வேடங்கள். ஒரே நாடகத்துக்குள் பல பாத்திரங்களின் உள்ளே போய் வந்தவனுக்கு, எதிரே நிற்கிறவன் என்ன நினைக்கிறான் என்பது தானாகத் தெரியும்.

இதையெல்லாம் பொற்காலம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது நேர்மையாகாது. அந்தப் பையன்களுக்குப் பள்ளிப் படிப்பு இல்லை. பெற்றோரைப் பிரிந்திருந்தார்கள். அடி வாங்கினார்கள். குரல் உடையும் வயது வந்தபோது, நாடகக்காரர்கள் 'மகரக்கட்டு' என்று சொல்லும் அந்தக் கட்டத்தில், நேற்று வரை கொட்டகையைக் கட்டிப்போட்ட பையன் இன்று பாட முடியாமல் நிற்பான். அதற்குப் பிறகு அவனுக்கு வேஷம் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. மகரக்கட்டைத் தாண்டி வந்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும்; தாண்டாதவர்கள் எங்கே போனார்கள் என்று எழுதிவைத்தவர் இல்லை. பெண்களுக்கோ அந்தப் பள்ளியின் கதவே திறக்கவில்லை. நல்ல பயிற்சிக்குக் கொடுமை அவசியம் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. கம்பெனி வீட்டில் பலன் தந்தது தினசரிப் பழக்கமும் வாத்தியாரின் கவனமும். பிரம்புக்கு அதில் பங்கில்லை.

இதே காலத்தில் இன்னொரு வழியும் இருந்தது. 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மாலையில் கூடி ஒத்திகை பார்த்த சபை அது. நடிப்பில் தேர்ச்சி பெறுவது எப்படி என்று அவர் ஒரு நூலே எழுதினார். நடிப்பைக் கற்க முடியும், அதைச் சொல்லிக்கொடுக்கவும் எழுதிவைக்கவும் முடியும் என்று நீதிபதியாக இருந்த ஒருவர் நம்பியிருக்கிறார். அந்த நம்பிக்கைதான் இங்கே முக்கியம்.

சுவாமிகளின் பாடம் எவ்வளவு உறுதியானது என்பதற்கு நடமாடும் சான்று ஸ்பெஷல் நாடகம். மதுரை, புதுக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களில் இன்றும் வள்ளி திருமணம் நடக்கிறது. முருகனாக வருகிறவர் ஓர் ஊர், வள்ளியாக வருகிறவர் வேறோர் ஊர், ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி ஒப்பந்தம் செய்திருப்பார்கள். ஒத்திகை கிடையாது. சில சமயம் மேடையில்தான் முதல் சந்திப்பே. எல்லோரும் ஒரே பாடத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்பதால் நாடகம் விடியவிடியத் தடையில்லாமல் போகிறது. நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் வரும் இடத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே எழுதிய வசனம் தீர்ந்துவிடும். எதிராளி எதைக் கேட்கிறார் என்று காது கொடுத்தால்தான் அடுத்த சொல் வாயில் வரும். கேட்கத் தெரியாதவர் அந்த இடத்தில் தோற்றுப்போவார். கொட்டகையும் அதைக் கண்டுபிடித்துவிடும்.

1931-இல் காளிதாஸ் வந்தது. தமிழ் பேசும் படம் பிறந்தது. கம்பெனி நடிகர்கள் ஒவ்வொருவராகச் சினிமாவுக்குப் போனார்கள். கம்பெனிகள் மெலிந்தன, மூடப்பட்டன. ஒரு பெரிய பள்ளி மறைந்துபோனதை அப்போது யாரும் உணரவில்லை. காரணம், அடுத்த முப்பது ஆண்டுகள் திரையை ஆண்டவர்கள் அந்தப் பள்ளியின் பழைய மாணவர்கள்தான். விதைநெல் தீர்ந்தது தெரியாமல் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கமல்ஹாசன்கூடச் சிறுவனாகத் திரைக்கு வந்த பிறகு தி.க.சண்முகத்தின் நாடகக் குழுவில் சேர்ந்து மேடைப் பாடம் கேட்டவர். 1996-இல் தன் படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பெயர் வைத்ததன் பின்னால் அந்த நன்றி இருக்கிறது.

கம்பெனிகள் இங்கே பையன்களை வளர்த்த ஏறத்தாழ அதே காலத்தில், மாஸ்கோவில் ஒரு நடிகர் தன் நடிப்பின் மேல் நம்பிக்கை இழந்து தவித்துக்கொண்டிருந்தார். கான்ஸ்டான்டின் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி 1898-இல் நெமிரோவிச் தான்சென்கோவுடன் சேர்ந்து மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கியவர். புகழின் உச்சியில் இருந்தவர். இப்சனின் நாடகத்தில் டாக்டர் ஸ்டாக்மன் வேடம் அவருக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்திருந்தது. 1906-இன் கோடையில் பின்லாந்தில் ஓய்வெடுக்கப் போனபோது, அந்த வேடத்தின் நடையும் விரலசைவும் மட்டுமே தன்னிடம் எஞ்சியிருக்கின்றன, அவற்றைப் பிறப்பித்த உள்ளுணர்வு எப்போதோ போய்விட்டது என்று அவர் கண்டார். நூறாவது முறை மேடையேறும்போதும் முதல் நாளின் உயிர் இருக்க என்ன செய்வது? இந்த ஒரு கேள்வியோடு அவர் மீதி வாழ்நாள் முழுவதையும் செலவிட்டார். 1912-இல் இளம் நடிகர்களுக்கென்று பயிற்சிக் கூடம் ஒன்றைத் தனியாகவே ஏற்படுத்தினார்.

அவர் எழுதிய நூல் ஒரு மாணவனின் நாட்குறிப்பு போல அமைந்தது. அதில் வரும் ஒரு வகுப்பு இன்றும் உலகத்தின் பல நடிப்புப் பள்ளிகளில் ஏதோ ஒரு வடிவத்தில் நடந்துகொண்டிருக்கிறது. மரியா என்ற மாணவியிடம் ஆசிரியர் ஒரு நிலைமையைச் சொல்கிறார். குடும்பம் பணமில்லாமல் தவிக்கிறது; தோழி ஒருத்தி விலையுயர்ந்த ஊசிப்பதக்கம் ஒன்றைக் கொடுத்து உதவுகிறாள்; அது மேடைத் திரையின் மடிப்பில் குத்தப்பட்டிருக்கிறது; போய்த் தேடு. மரியா ஓடுகிறாள். தலையில் கை வைக்கிறாள், விம்முகிறாள், திரையைப் பிடித்து உலுக்குகிறாள். முடித்துவிட்டு, நன்றாகச் செய்துவிட்டோம் என்ற பூரிப்போடு வந்து நிற்கிறாள். "பதக்கம் எங்கே?" என்று ஆசிரியர் கேட்கிறார். அதைத் தேடவே மறந்துபோயிருக்கிறாள்! மறுபடி போகச் சொல்கிறார். இந்த முறை, பதக்கம் கிடைக்காவிட்டால் பள்ளியை விட்டே போக வேண்டியிருக்கும் என்கிறார். மரியாவின் முகம் மாறுகிறது. விம்மல் இல்லை, ஓட்டம் இல்லை. திரையின் ஒவ்வொரு மடிப்பாகக் கை விட்டுப் பார்க்கிறாள். கண் ஓரிடத்தில் நிலைத்து மெல்ல நகர்கிறது. பார்த்துக்கொண்டிருந்த மாணவர்களுக்கு எது உண்மை என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பாடம் தமிழ் வாசகருக்கு அந்நியமாகப் படாது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. அதோடு நின்றுவிடாமல், ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்கு நிலைக்களன்களையும் சொல்கிறது. அழுகை பிறப்பது இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவற்றிலிருந்து. அச்சம் பிறப்பது அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகியவற்றிலிருந்து. மொத்தம் 32. தொல்காப்பியர் நடிகருக்காக எழுதவில்லை. செய்யுளின் உறுப்பாகத்தான் மெய்ப்பாட்டை வைத்தார். ஆனாலும் ஒரு நடிப்பாசிரியர் அந்த நூற்பாக்களை வகுப்பில் வைத்தால் உடனே பயன்படும். இழவால் வரும் அழுகைக்கும் வறுமையால் வரும் அழுகைக்கும் உடம்பு ஒரே மாதிரி வளையாது. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் கை வேறு. கடன்காரன் வாசலில் நிற்கும்போது அடுக்களையில் நின்று கண்ணைத் துடைப்பவளின் கை வேறு. 'அழு' என்று சொன்னால் நடிகர் முகத்தைக் கோணுவார். களனைச் சொன்னால் கண்ணீர் வராவிட்டாலும் பார்ப்பவருக்குத் துக்கம் புரியும்.

ஸ்டானிஸ்லாவ்ஸ்கியின் முறை அமெரிக்கா போனதும் மூன்றாகக் கிளைத்தது. லீ ஸ்டிராஸ்பெர்க் நடிகரின் சொந்த நினைவைத் தோண்டச் சொன்னார். ஸ்டெல்லா ஆட்லர் 1934-இல் பாரிஸில் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியையே நேரில் சந்தித்துக் கற்றுவந்து, கற்பனையும் நாடகத்தின் சூழலுமே போதும் என்று வாதாடினார். மார்லன் பிராண்டோ அவருடைய மாணவர். சான்ஃபோர்ட் மைஸ்னர் எதிரே நிற்பவரைக் கேட்பதையே பாடமாக வைத்தார். அவர் வகுப்பில் இரண்டு பேர் எதிரெதிரே உட்காருவார்கள். "நீலச் சட்டை போட்டிருக்கே" என்பார் ஒருவர். "நீலச் சட்டை போட்டிருக்கேன்" என்பார் மற்றவர். இதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். ஐந்தாவது முறை சிரிப்பு வரும். பத்தாவது முறை எரிச்சல் வரும். அதற்கு மேல் ஒருவர் குரல் உண்மையாகவே மாறும், மற்றவர் குரல் அதற்குப் பதில் சொல்லும். சொல் ஒன்றுதான். மாறுவதெல்லாம் இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் உறவு. வள்ளியும் நாரதரும் தர்க்கத்தில் செய்வதை மைஸ்னர் வகுப்பறைக்குள் கொண்டுவந்தார் என்று தாராளமாகச் சொல்லலாம்.

மைஸ்னரின் மாணவரான ரோஷன் தனேஜா, புனே திரைப்படக் கல்லூரியின் நடிப்புத் துறையை நடத்தினார். ஜெயா பாதுரி, ஷபனா ஆஸ்மி, சத்ருகன் சின்ஹா எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள். அந்த நடிப்புப் பிரிவு 1970-களில் நிறுத்தப்பட்டு 2000-களில்தான் மீண்டும் தொடங்கியது என்பது வருத்தமான செய்தி. டெல்லியில் 1959-இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியை, 1962 முதல் 1977 வரை இயக்குநராக இருந்து கட்டியெழுப்பியவர் இப்ராஹிம் அல்காஸி. அந்தப் பள்ளியின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது.

பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்த சிவாஜி ராவ் 1973-இல் சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபை நடத்திய நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். அங்கேதான் கே.பாலசந்தரின் கண்ணில் பட்டார். 1975-இல் அபூர்வ ராகங்கள் படத்தில் ரஜினிகாந்த் ஆனார். ஸ்டைலுக்காக மட்டுமே பேசப்படுகிற ஒரு நடிகர், முறையாகப் படித்துவிட்டு வந்தவர் என்பதை மறந்துவிடுகிறோம். ரகுவரன் அடையாறு திரைப்படக் கல்லூரியில் நடிப்புப் பட்டயம் பெற்றவர். 1982-இல் ஏழாவது மனிதன் படத்தில் அறிமுகமானார். நாசரும் சென்னைத் திரைப்படப் பள்ளிகளில் நடிப்புப் படித்தவர். கேமரா முன்னால் இவர்கள் காட்டிய அடக்கம் தற்செயலாக வந்ததல்ல.

தமிழில் நடிப்புக் கல்வி மறுபடி வேர்விட்ட ஆண்டு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது 1977. அந்த ஆண்டு காந்திகிராமத்தில் தேசிய நாடகப் பள்ளியின் ஆதரவோடு 70 நாள் நாடகப் பயிற்சி முகாம் நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர் பேராசிரியர் சே.இராமானுஜம். அவர் நாங்குநேரியில் பிறந்து, டெல்லியில் அல்காஸியிடம் படித்துத் திரும்பியவர், பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையை வளர்த்தவர். அந்த முகாமில் இருந்தவர்கள் ஊர் திரும்பித் தங்கள் ஊரில் குழு தொடங்கினார்கள். மு.இராமசாமி மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கியது அப்படித்தான். எழுபது நாள் வகுப்பு ஒரு மாநிலத்தின் நாடகப் போக்கையே திருப்பியது.

அதே 1977-இல் சென்னையில் ந.முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். அன்றைய தஞ்சை மாவட்டத்துப் புஞ்சை கிராமத்தில் 1936-இல் பிறந்த எழுத்தாளர் அவர். 'எழுத்து' இதழில் எழுதியவர். தெருக்கூத்து அவரைப் புரட்டிப்போட்டது. கூத்துக் கலைஞர்களான புரிசைத் தம்பிரான்களின் ஆட்டத்தைப் பார்த்த பிறகு, தமிழ் நடிகனின் இலக்கணம் நம் வயல்காட்டு மேடையில் உயிரோடு இருக்கிறது, அதைப் படிக்காமல் வேறெங்கோ தேடுகிறோம் என்று உறுதியாக நம்பினார். 'அன்று பூட்டிய வண்டி' என்ற நூலில் அதைப் பற்றி எழுதினார்.

அவருடைய பட்டறையில் ஒரு நடிகன் வசனத்தை முதலில் தொடுவதில்லை. காலையில் உடம்பில் தொடங்குவார்கள்: யோகா, சிலம்பம், களரி, கூத்தின் அடவுகள். கூத்தில் கிரிக்கி சுற்றுவது என்று ஒன்று உண்டு. கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு, தாளம் பிசகாமல், சுழன்று சுழன்று வந்து நின்ற இடத்தில் நிற்க வேண்டும். புதிதாக வந்தவர் இரண்டு சுற்றில் தள்ளாடுவார். கண்ணை எங்கே நிறுத்துவது, பாதத்தின் எந்தப் பகுதியில் எடையை வைப்பது, மூச்சை எப்போது விடுவது என்று உடம்பு கண்டுபிடிக்கப் பல வாரங்கள் ஆகும். கண்டுபிடித்துவிட்டால் மேடை நடுவே ஒன்றும் செய்யாமல் சும்மா நிற்கும் வித்தையும் கூடவே வந்துவிடும். நடிக்க வருகிறவர்களுக்கு மிகக் கடினமான பாடம் அதுதான். பேசாத நேரத்தில் கையை என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கும் நடிகர்களை நாம் தினமும் திரையில் பார்க்கிறோம்.

ஃபோர்ட் பவுண்டேஷனின் நிதி உதவி கிடைத்த காலத்தில் நடிகர்களுக்குச் சம்பளம் கொடுத்து முழுநேரமாகப் பயிற்சி தர முத்துசாமியால் முடிந்தது. வயிற்றுப்பாட்டுக்கு ஓடாமல் ஒருவர் வருடக்கணக்கில் நடிப்பையே பழகுவது, கம்பெனி வீட்டுக்குப் பிறகு தமிழ்நாட்டில் அப்போதுதான் சாத்தியமானது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த் என்று அங்கிருந்து வந்தவர்களின் வரிசை நீளமானது. விஜய் சேதுபதி அங்கே கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்தார். கணக்கு நோட்டுக்கு அப்பால் தினமும் நடந்த பயிற்சியைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் பலவற்றைக் கற்றார். கம்பெனிப் பையன்கள் ஓரமாக நின்று எல்லா வேஷத்தையும் பார்த்த அதே வழி. முத்துசாமிக்கு 2012-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2018 அக்டோபரில் காலமானார்.

வகுப்பால் எல்லாம் ஆகிவிடுமா என்று கேட்டால், ஆகாது. ஒரே பட்டறையில் படித்தவர்கள் ஒரே மாதிரி நடப்பதும் பேசுவதும் உண்டு. பயிற்சி அச்சாக மாறிவிடும் ஆபத்து எந்தப் பள்ளிக்கும் இருக்கிறது. மேடையில் பழகிய குரல் க்ளோசப்பில் அதிகமாகத் தெரியும். துண்டுதுண்டாகப் படமாக்கும்போது, காலையில் எடுத்த காட்சியின் உணர்ச்சியை மாலையில் அதே அளவில் பிடிக்கும் வேலையை மேடை கற்றுத்தராது. படப்பிடிப்பில் உதவி இயக்குநர் பின்னாலிருந்து ப்ராம்ப்ட் செய்ய, அதைக் காதில் வாங்கி வாயசைக்கும் பழக்கம் இருக்கும் வரை, எதிரே பேசுகிறவரைக் கேட்கும் பயிற்சி வீணாகத்தான் போகும். சொந்தத் துக்கத்தைக் கிளறி அழவைக்கும் முறையை, பக்குவமில்லாத ஆசிரியர் கையில் எடுத்தால் மாணவரின் மனத்தில் காயம் ஏற்படும். ஸ்டானிஸ்லாவ்ஸ்கியே பிற்காலத்தில் உடலின் செயலிலிருந்து உணர்ச்சிக்குப் போகும் வழியைத்தான் வலியுறுத்தினார்.

வகுப்பு தரக்கூடியது இன்னொன்று: கவனிக்கும் பழக்கம். திருவருட்செல்வர் படத்தில் அப்பராக நடித்தபோது காஞ்சிப் பெரியவரை மனத்தில் வைத்துக்கொண்டதாகச் சிவாஜி சொல்லியிருக்கிறார். அமர்வு, பார்வை, கை ஊன்றும் விதம் எல்லாம் ஒருவரைக் கூர்ந்து பார்த்ததிலிருந்து வந்தவை. நல்ல ஆசிரியர்கள் மாணவர்களைப் பேருந்து நிலையத்துக்கும் சந்தைக்கும் அனுப்புவது இதற்காகத்தான். பூக்கட்டும் பெண்ணின் விரலைப் பார்த்துவிட்டு வந்து, நூலும் பூவும் இல்லாமல் அதைச் செய்துகாட்டு என்பார்கள். நூலை இழுக்கும்போது தோள் எவ்வளவு அசைகிறது என்று தெரியாவிட்டால் மறுநாள் திரும்பவும் போக வேண்டும்.

ஈழத் தமிழர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட முன்னே போயிருக்கிறார்கள். 1978-இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம.சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அவருடைய 'மண் சுமந்த மேனியர்' 1985-இல் மேடையேறியபோது, போருக்கு நடுவே சனங்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். 'நாடகமும் அரங்கியலும்' இலங்கையில் உயர்தரப் பரீட்சைக்கு உரிய பாடம். அந்தப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் நடிகராகப் போவதில்லை. ஆனால் மூச்செடுத்துப் பேசவும், எதிரே இருப்பவரைக் கேட்கவும், கூச்சமில்லாமல் ஓர் அறையில் நிற்கவும் பழகுகிறார்கள்.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. அது உருவாகக் காரணமானவர் எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி. கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து சுவாமிகள் 1922 நவம்பரில் உயிர்விட்டதும் புதுச்சேரியில்தான். அங்கும் தஞ்சையிலும் நாடகம் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் வேலைக்கு எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் நாடகம் ஒரு பாடமாகி, அவர்களுக்கு ஆசிரியர் பணியிடம் கிடைக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியது அரசு.

பெற்றோர் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. முப்பதே நாளில் நடிகராக்குவோம், சினிமா வாய்ப்புக்கு உத்தரவாதம் என்று விளம்பரம் வரும்போது பணத்தைக் கட்டாதீர்கள். யார் சொல்லிக்கொடுக்கிறார், ஒரு வகுப்பில் எத்தனை பேர், ஆண்டு முடிவில் மாணவர்கள் ஒரு முழு நாடகம் போடுகிறார்களா என்று கேளுங்கள். உங்கள் பிள்ளை நடிக்க ஆசைப்பட்டால் முதலில் உங்கள் ஊர் நாடகக் குழு ஒன்றின் ஒத்திகைக்கு அழைத்துப்போய், மூன்று மணி நேரம் ஓரமாக உட்காரவையுங்கள். திரும்பி வரும் வழியில் அவன் என்ன பேசுகிறான், அவள் எதைச் செய்துகாட்டுகிறாள் என்று கவனியுங்கள்.